மரத்திற் கட்டிய கம்பி

மக்கள் தனித்து வாழும் இயல்பினர் அல்லர். தம் இன்பத்தையும் துன்பத்தையும் பிறர்க்கு எடுத்துரைத்தலும், பிறர் கூறுவதைக் கேட்டு ஆறுதல் அளித்தலும் மக்கட் பிறவிக்கே உரிய சிறப்புகளாம். ஆயினும், மனிதன் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. எத்துணை ஓங்கிக் கூவினும் அது ஊரெல்லையைக் கடப்பதில்லை. அவ்வெல்லையைக் கடக்க விரும்பிய மனிதன் முரசு அறைந்தான். குன்றின் உச்சியில் தீ மூட்டினான். புறாவின் காலில் ஓலை கட்டி விடுத்தான். பின்னர்த் தந்தியையும் தொலைபேசியையும் கண்டான். இன்று உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியின் வாயிலாகக் கடல் கடந்த நாட்டினரோடும் நொடிப்பொழுதில் உரையாடுகின்றான்.

எனினும், கைப்பேசி தானே தனித்து நின்று பேசுவதன்று. உயர்ந்த கோபுரங்களும், நிலத்தினுள்ளே புதைத்த வடங்களும், இடையறாத மின்சாரமும் அதன் பின்னே நின்று பணிபுரிகின்றன. புயல் வீசும்போதும், நிலம் நடுங்கும்போதும், கடல் பொங்கும்போதும் இவை ஒருங்கே அற்று வீழ்தல் உண்டு. எந்த வேளையில் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்குமோ, அந்த வேளையிலேயே சொல் செல்லும் வழி அடைபட்டு விடுகின்றது. அப்போது ஒரு மரக்கிளையிற் கட்டிய சில முழக் கம்பியும், ஒரு சிறு வானொலிப் பெட்டியும், ஒரு மின்கலமும் பெருந்துணையாகின்றன. 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்னும் பழமொழி இக்கம்பிக்கு முற்றும் பொருந்துவதாகும். இதன் வரலாறும், இது தொழிற்படும் முறையும், இதனைக் கையாளும் திறமும் அனைவரும் அறியத் தக்கன.

பொருளீட்டும் நோக்கமின்றி, அறிவு வேட்கையாலும் நட்பு விழைவாலும் வானொலிக் கலையைப் பயில்வோர் உலகெங்கும் உளர். இவர்களை அமெச்சூர் வானொலியர் என்பர். 'ஹாம்' என்பது இவர்க்கு வழங்கும் செல்லப் பெயர். வானொலி நிலையத்தார் பேசுவதை நாம் கேட்க மட்டுமே இயலும். இவர்களோ கேட்பதோடு அமையாது, தாமும் அலைகளைப் பரப்பி மறுமொழி கூறுவர். இதற்கு அரசின் உரிமம் இன்றியமையாதது. நம் நாட்டில் நடுவண் அரசு நடத்தும் தேர்வில் வென்றவர்க்கே அவ்வுரிமம் வழங்கப்படும். உரிமம் பெற்ற ஒவ்வொருவர்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியர் பலருடைய குறிகள் 'வி.யு.' என்னும் எழுத்துகளோடு தொடங்கும். வானில் இவர்கள் ஒருவரையொருவர் அறிவது அக்குறியினாலேயே. பேசுவோர் செல்வரோ வறியரோ, ஆசிரியரோ உழவரோ என்னும் வேறுபாடு அங்கே இல்லை. வாணிகம் பற்றிய பேச்சும் அங்கே இடம்பெறுதல் கூடாது.

இவ்வானொலியருட் பலர் விடுமுறை நாள்களில் தம் கருவிகளைப் பையிலிட்டுக் கொண்டு காட்டிற்கும் கடற்கரைக்கும் மலையுச்சிக்கும் செல்வர். வீடு இருக்க வெளியே செல்வானேன் என வினவலாம். நகரத்தில் மின்விளக்குகளும், மின்பொறிகளும், மின்கலங்களுக்கு மின்னூட்டும் கருவிகளும் ஓயாது ஒருவகை இரைச்சலை வானில் எழுப்பிக் கொண்டிருக்கின்றன. அது நம் செவிக்குக் கேட்பதில்லை, வானொலிக்குக் கேட்கும். சந்தைக் கூச்சலில் மெல்லிய குரல் அமுங்குவது போலத் தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலை அவ்விரைச்சலில் அமுங்கிப் போகின்றது. ஊரை விட்டு அகன்ற வெளியில் அவ்விரைச்சல் இல்லை. மேலும், கம்பி கட்டப் போதிய இடமும் மரமும் அங்கே உண்டு. இவற்றினும் மேலான காரணம் ஒன்று உளது. வீட்டு வசதிகள் ஒன்றுமின்றி வெட்டவெளியில் நிலையம் அமைத்துப் பழகியவரே, வசதிகள் அனைத்தும் அழிந்த நாளில் அஞ்சாது நிலையம் அமைக்க வல்லவர் ஆவர்.

வானொலி பிறந்ததே கம்பியினால் எனலாம். மின்காந்த அலைகள் உண்டு என்பதையும், அவை ஒளியின் விரைவோடு செல்லும் என்பதையும் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1865 ஆம் ஆண்டில் கணக்கினால் நிறுவினார். அவ்வலைகளைச் செயலிற் காட்டியவர் ஜெர்மன் நாட்டு ஹெர்ட்ஸ் என்பவர். 1887, 1888 ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு கம்பிகளை நேர்வரிசையில் வைத்து, நடுவே சிறிது இடைவெளி விட்டு, அங்கே மின்பொறி எழச் செய்தார். அப்பொறியினின்று எழுந்த அலை, சற்றுத் தொலைவில் வைத்திருந்த ஒரு கம்பி வளையத்தின் இடைவெளியிலும் சிறு பொறியைத் தோற்றுவித்தது. நேர்வரிசையில் இரு கம்பி, நடுவே இணைப்பு என்னும் அவ்வடிவமே இன்றும் வானொலியர் மரங்களுக்கிடையே கட்டும் கம்பியின் வடிவமாகும்.

ஹெர்ட்ஸ் அறைக்குள் கண்டதை வெளியுலகிற்குக் கொண்டு சென்றவர் இத்தாலி நாட்டு மார்க்கோனி. 1901 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் அட்லாண்டிக் பெருங்கடலின் மேலைக் கரையிலுள்ள நியூபவுண்டுலாந்துத் தீவை அடைந்து, சிக்னல் ஹில் என்னும் குன்றின் மீது தம் கருவிகளை அமைத்தார். இங்கிலாந்தின் போல்டு என்னும் ஊரினின்று வரும் அலையை வாங்க அவருக்கு உயரத்தில் ஒரு கம்பி வேண்டியிருந்தது. முதலில் பலூன் ஒன்றிற் கம்பியைக் கட்டி மேலே விடுத்தார். கடுங்காற்று அதனைக் கொண்டு போயிற்று. பின்னர்க் காற்றாடியைப் பறக்கவிட்டார். அதுவும் அறுந்து போயிற்று. அவர் மனந்தளரவில்லை. மற்றொரு காற்றாடியில் ஏறத்தாழ 500 அடி நீளமுள்ள கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். டிசம்பர் 12 ஆம் நாள் நண்பகல் கழிந்த வேளையில், காற்றாடி மேலும் கீழும் ஆட, மூன்று குற்றொலிகள் மெல்லெனத் தம் காதில் விழுந்ததாக அவர் அறிவித்தார். அவர் கேட்டது உண்மையான குறிதானா என ஐயுறும் அறிஞர் இன்றும் உளர். எனினும், அடுத்த ஆண்டு கடலிற் செல்லும் கப்பலில் இருந்து அவர் நடத்திய சோதனைகள் நெடுந்தொலைவு அலை செல்லும் என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவின.

அமெச்சூர் வானொலியர் தம் பங்கைச் செலுத்தியது இதன் பின்னரேயாம். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு இயற்றிய சட்டம் நெடிய அலைகளையெல்லாம் கப்பல்களுக்கும் வாணிக நிலையங்களுக்கும் ஒதுக்கிவிட்டு, 200 மீட்டரும் அதனிற் குறைந்தனவுமான அலைகளை இவர்களுக்கு விட்டது. சிற்றலைகள் தொலைவு செல்லா. அவற்றால் பயனில்லை என்பது அக்காலத்தார் கருத்து. பயனற்றது எனத் தள்ளப்பட்ட நிலத்தை உழுது பொன் விளைவித்த உழவரைப் போல, இவர்கள் அச்சிற்றலைகளைக் கொண்டே பெருங்கடலைத் தாண்ட முனைந்தனர். 1921 ஆம் ஆண்டின் இறுதியில் பால் காட்லி என்னும் அமெரிக்க வானொலியர் ஸ்காட்லாந்திற்கு அனுப்பப்பட்டார். ஆர்ட்ராசன் என்னும் கடற்கரை ஊரில், குளிரும் மழையும் வருத்தும் வெளியில் அவர் கூடாரம் அடித்தார். தாழ்ந்த கழிகளை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் பலநூறு அடி நீளமுள்ள ஒரு கம்பியை அமெரிக்காவை நோக்கி இழுத்துக் கட்டினார். இரவெல்லாம் கண்விழித்துக் காது கொடுத்திருந்தார். மார்க்கோனி காற்றாடி விட்ட நாளினின்று இருபது ஆண்டுகள் நிறைந்த அந்த டிசம்பர்த் திங்களில், கனெக்டிகட்டு மாநிலத்துக் கிரீனிச் ஊரில் இருந்து வானொலி ஆர்வலர் சிலர் அனுப்பிய செய்தி முழுமையாக அவர் காதில் விழுந்தது. இன்று உலகமெங்கும் சிற்றலை ஒலிபரப்பு நிகழ்வதற்கு வழிகாட்டியவர்கள், கூடாரத்திலும் கொல்லையிலும் கம்பி கட்டிய இத்தகையோரேயாவர்.

இனி, வெறும் கம்பி எவ்வாறு அலையைப் பரப்புகின்றது என்பது நோக்கத் தக்கது. வீணையின் தந்தியை மீட்டினால் அதன் நடுப்பகுதி மிகுதியாக அசைகின்றது. கட்டப்பட்ட இரு முனைகளும் அசைவதில்லை. தந்தி நீண்டிருப்பின் தாழ்ந்த ஒலியும், குறுகியிருப்பின் உயர்ந்த ஒலியும் எழும். அலைக்கம்பியின் இயல்பும் இத்தகையதே. அலைபரப்பி ஒரு நொடியில் பல இலக்கம் முறை திசை மாறும் மின்னோட்டத்தைக் கம்பிக்குள் செலுத்துகின்றது. கம்பியின் நடுவே மின்னோட்டம் மிகுந்தும், முனைகளில் இன்றியும் இருக்கும். இவ்வாறு முன்னும் பின்னுமாக ஓடும் மின்னோட்டமே சுற்றியுள்ள வெளியில் மின்காந்த அலையை எழுப்புகின்றது. கம்பியின் நீளம் அலைநீளத்திற் பாதியாக அமையுமாயின், சுருதி சேர்ந்த தந்தி போல அது இனிது இயங்கும். இதனாற்றான் இதனை அரை அலைக் கம்பி என்பர். ஆண்டெனா என்றும் ஏரியல் என்றும் வழங்கப்படுவனவற்றுள் இதுவே எளிமை மிக்கது.

நீளத்தைக் கணக்கிடுவது கடினமன்று. மின்காந்த அலை ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவிற் கூறிய அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரிற் கிடைக்கும். சான்றாக, 14.2 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் ஏறத்தாழ 21.1 மீட்டர்; அதிற் பாதி ஏறத்தாழ 10.6 மீட்டர். ஆனால், கம்பியின் முனைகளில் நேரும் விளைவினால் உண்மையில் வேண்டப்படும் நீளம் இதனினும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாகும். அதனால் வானொலியர் 143 என்னும் எண்ணை அதிர்வெண்ணால் வகுத்து அரை அலைக் கம்பியின் நீளத்தை எளிதிற் காண்பர். அவ்வாறு வகுத்தால் 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 10.07 மீட்டர் கிடைக்கும். இதனை நடுவே இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொரு கையும் 5 மீட்டருக்குச் சற்று மிகுதியாகும். அதிர்வெண் பாதியானால் நீளம் இருமடங்காகும். எனவே 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு முழு நீளம் 20 மீட்டரளவு வேண்டும்.

கணக்கு எத்துணை நுட்பமாயினும் கம்பியை வெட்டுவதில் ஒரு பொறுமை வேண்டும். நிலத்தின் ஈரமும், அருகிலுள்ள மரமும், கம்பியின் மேலுள்ள உறையும் அதன் இயல்பைச் சிறிது மாற்றும். ஆகவே, அறிந்தோர் முதலிற் சில விரற்கடை மிகுதியாகவே வெட்டுவர். கட்டிப் பார்த்து, அளந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறைப்பர். குறைத்தல் எளிது, வெட்டிய துண்டை ஒட்டுதல் அரிது. அளப்பதற்கும் ஒரு கருவி உண்டு. அலைபரப்பி அனுப்பும் ஆற்றலைக் கம்பி முழுதும் ஏற்காவிடின் எஞ்சிய பகுதி வடத்தின் வழியே திரும்பி வரும். ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளினால் உயர ஆடும்; தாளம் தவறித் தள்ளினால் தள்ளியவர் கையையே தாக்கும். அதுபோன்றதே இதுவும். திரும்பி வரும் பங்கை நிலையலை விகிதம் என்னும் அளவினால் அறிவர். அது ஒன்றுக்கு ஒன்று என இருப்பின் மிக நன்று. ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவைத் தாண்டினால் கம்பியைத் திருத்துதல் வேண்டும்.

ஒரே கம்பியை இடத்திற்கேற்பப் பலவாறு கட்டலாம். ஏற்ற தொலைவில் இரண்டு மரங்கள் இருப்பின் இரு முனைகளையும் நைலான் கயிற்றாற் கட்டிக் கம்பியைக் கிடையாக நிறுத்தலாம். நடுவிலிருந்து ஒரு வடம் கீழிறங்கி வானொலிப் பெட்டியை அடையும். இவ்வாறு கட்டிய கம்பி தன் இரு பக்கங்களிலும் மிகுதியாகவும், முனைகளின் திசையிற் குறைவாகவும் அலையை அனுப்பும். ஒரே மரமோ கழியோ இருப்பின் நடுப்பகுதியை உச்சியிற் கட்டி, இரு கைகளையும் இரு பக்கத்திலும் சாய்த்து நிலத்தருகே கட்டலாம். குடிசையின் கூரை போன்ற இவ்வமைப்பில் இரு கைகளுக்கும் இடைப்பட்ட கோணம் செங்கோணத்திற் குறையாமல் இருத்தல் நன்று. மரமே இல்லாத மொட்டைக் குன்றில் இலேசான தூண்டிற்கழி ஒன்றே போதும்.

மற்றொரு முறையும் உண்டு. கம்பியின் நடுவில் அன்றி முனையிலேயே ஆற்றலைச் செலுத்தலாம். அப்போது நடுவே தொங்கும் வடத்தின் பாரம் இல்லை. ஒரு முனை மரக்கிளையிலும் மறு முனை பெட்டியின் அருகிலுமாகச் சாய்த்துக் கட்டினாற் போதும். ஆனால், நடுவிடத்தில் ஏறத்தாழ 70 ஓம் அளவில் இருக்கும் எதிர்ப்பு, முனையில் ஆயிரக்கணக்கான ஓம் அளவிற்கு உயர்ந்துவிடும். வானொலிப் பெட்டியோ 50 ஓம் அளவிற்கு அமைந்தது. ஆகவே, இவ்விரண்டையும் பொருத்தி வைக்க ஒரு சிறு மின்மாற்றி வேண்டும். அதனைத் தீப்பெட்டியினும் சற்றுப் பெரிய ஒரு பேழையில் அடக்கிவிடலாம். நடுவில் இணைப்பதில் சுமை மிகுதி, சிக்கல் குறைவு. முனையில் இணைப்பதில் சுமை குறைவு, சிக்கல் மிகுதி. இடமறிந்து ஒன்றைத் தேர்தலே அறிவுடைமை.

கம்பி நிலத்தில் இருக்க, அலை எவ்வாறு கடல் கடந்து செல்கின்றது? உலகம் உருண்டையானது, அலையோ நேரே செல்லும் இயல்பினது. நிலத்தினின்று ஏறத்தாழ 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் கதிரவனின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலங்கள் உள்ளன. அவற்றை அயனி மண்டலம் என்பர். சிற்றலைகள் அங்கே சென்று வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி இறங்குகின்றன. நிலத்திலோ கடலிலோ பட்டு மீண்டும் எழுந்து, மீண்டும் இறங்கிப் பல ஆயிரம் கிலோமீட்டர் கடக்கின்றன. கதிரவனே அம்மண்டலத்தை ஆள்பவன் ஆதலின், பகலில் ஒருவகையாகவும் இரவில் ஒருவகையாகவும் அது தொழிற்படும். பொதுவாக 14 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பகலில் நெடுந்தொலைவு செல்லும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பகலிற் சில நூறு கிலோமீட்டரும் இரவில் அதனினும் மிக்க தொலைவும் செல்லும்.

கம்பியைக் கட்டும் உயரமும் அலை செல்லும் தொலைவை ஆள்கின்றது. அலைநீளத்திற் பாதியளவு உயரத்திற் கம்பி இருப்பின் அலை தாழ்ந்த கோணத்திற் கிளம்பித் தொலை நாடுகளை அடையும். கம்பி தாழ இருப்பின் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலெழுந்து, நீரூற்றின் நீர் மேலே சென்று சுற்றிலும் விழுவது போலச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்திற்குள் இறங்கும். தாழக் கட்டிய கம்பி பயனற்றது எனக் கருதுதல் கூடாது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளவர் தம் மாவட்டத் தலைநகரோடு பேச வேண்டுமாயின், மலைக்கு மேலாக ஏறி இறங்கும் இவ்வலையே அவர்க்கு உதவும். இடர் நேர்ந்த இடத்தில் உயர்ந்த கழி கிடைப்பதும் அரிது. ஆளுயரத்தினும் சற்று மேலாக, எட்டிய கிளையிற் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி பகல் வேளையில் அங்கே தன் கடமையைச் செவ்வனே செய்யும்.

இக்கலையைப் பயில உலகெங்கும் வானொலியர் பல வழிகளை வகுத்துள்ளனர். அமெரிக்க வானொலிச் சங்கத்தார் 1933 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கோடையில் 'களநாள்' நடத்துகின்றனர். அந்நாளில் பல்லாயிரவர் திறந்த வெளியில் நிலையம் அமைத்து, ஓர் இரவும் பகலும் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வர். 2002 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் தொடங்கிய மலையுச்சி வானொலித் திட்டம் இப்போது பல நாடுகளிற் பரவியுள்ளது. அதன்படி மலையுச்சிக்குச் செல்பவர் தம் கருவிகளைத் தாமே சுமந்து ஏற வேண்டும். ஊர்தியில் அமர்ந்து பேசுதல் கூடாது. அங்கிருந்து குறைந்தது நான்கு நிலையங்களோடு தொடர்பு கொண்டாலே மதிப்பெண் உண்டு. சுமந்து ஏறுபவர்க்கு ஒவ்வொரு பலமும் பாரமே. ஆகவே, அவர்கள் மெல்லிய கம்பியையும் சிறிய மின்கலத்தையுமே கொண்டு செல்வர். ஒரு சிறு மின்விளக்கிற்கு வேண்டிய 5 வாட் ஆற்றலைக் கொண்டே, நல்ல வேளை வாய்ப்பின், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் உள்ளவரோடு பேசுவர்.

மரத்திற் கம்பி ஏற்றுவதும் ஒரு கைத்திறனே. சிறு மணற்பையை மெல்லிய நூலிற் கட்டிக் கிளைக்கு மேலாக எறிவர். பை மறுபுறம் இறங்கியதும் நூலோடு கயிற்றையும், கயிற்றோடு கம்பியையும் இணைத்து இழுப்பர். பல முறை எறிந்த பின்னரே பை வேண்டிய கிளையைத் தாண்டுதல் பழகாதவர்க்கு இயல்பு. கம்பியின் முனைக்கும் கயிற்றுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத ஒரு துண்டினை வைத்தல் வேண்டும். பழைய பிளாஸ்டிக் குழாயின் சிறு துண்டும் இதற்குப் போதும். காற்றில் மரம் அசையும் ஆதலால் கம்பியை விறைப்பாகக் கட்டாமல் சற்றுத் தளர விடுதல் வேண்டும்.

திறனோடு எச்சரிக்கையும் வேண்டும். மின்சாரம் செல்லும் கம்பிகளுக்கு அருகே நூலை எறிவதும் அலைக்கம்பியைக் கட்டுவதும் உயிருக்கே இறுதியாகும். கம்பி அறுந்து விழினும் மின்கம்பியைத் தொடாத தொலைவிலேயே இடந்தேர்தல் வேண்டும். இடி முழங்கும் ஓசை கேட்டவுடன் நிலையத்தை நிறுத்தி, கருவியைக் கம்பியினின்று பிரித்து, குன்றின் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். அலை பரப்பும்போது கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் மிகுந்திருக்கும். தொட்டவர் கையைச் சுடும். ஆகவே, பிறர் கைக்கு எட்டாதபடி முனைகளைக் கட்டி, வழிச்செல்வோர் கண்ணிற் படுமாறு வண்ணத் துணியைத் தொங்கவிடுதல் நன்று. காடாயின் காவலரிடமும், தோட்டமாயின் உரியவரிடமும் இசைவு பெறுதல் வேண்டும். திரும்பும்போது கம்பித் துண்டும் கயிற்றுத் துண்டும் அங்கே எஞ்சி இருத்தல் ஆகாது. அவை பறவையின் காலிற் சிக்கும்.

இத்துணைப் பயிற்சியும் எதற்கு என்னும் வினாவிற்கு 2004 ஆம் ஆண்டு விடை அளித்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தலைமையில் இந்திய வானொலியர் குழு ஒன்று அந்தமான் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேயருக்குச் சென்றது. பல்லாண்டுகளாக அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலியர் எவரும் பேசவில்லை. ஆகவே, உலகெங்கும் உள்ள வானொலியர் அத்தீவின் குரலைக் கேட்க ஆவலோடு காத்திருந்தனர். குழுவினர் அவர்களோடு நட்பு பாராட்டி நாள்தோறும் பேசி வந்தனர். அது விளையாட்டுப் போன்ற இன்பப் பணியாகவே இருந்தது.

டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்பொழுதில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியிற் பெருநடுக்கம் தோன்றியது. போர்ட் பிளேயரில் கட்டடங்கள் குலுங்கின. சிறிது நேரத்திற்குள் கடல் பேரலையாய் எழுந்து தீவுகளின் கரையோர ஊர்களை வாரிச் சென்றது. தொலைபேசித் தொடர்பு அற்றது, மின்சாரம் நின்றது. அந்தமானிலும் நிக்கோபாரிலும் உள்ளோர் உயிருடன் உளரோ இலரோ என்பதை அறிய வழியின்றி இந்திய நிலப்பரப்பில் வாழ்ந்த உறவினர் தவித்தனர். நட்புப் பேச்சுக்கென அமைத்த நிலையம் அக்கணமே துயர்துடைக்கும் நிலையமாக மாறியது. அம்மையாரும் குழுவினரும் பொழுதுபோக்குப் பேச்சை நிறுத்தினர். நிலப்பரப்பில் உள்ள வானொலியரை அழைத்து, நேர்ந்த இடரை அறிவித்தனர். இரவும் பகலும் அமர்ந்து அரசின் செய்திகளையும் மக்களின் செய்திகளையும் இருபுறமும் சேர்த்தனர். பேரழிவு நேர்ந்த கார் நிக்கோபார் தீவிலும் பின்னர் ஒரு வானொலி நிலையம் அமைக்கப்பெற்றது.

அச்செய்திகள் நீண்டவை அல்ல. ஒரு பெயர், ஓர் ஊர், நலமாக உள்ளார் என்னும் ஒரு சொல். ஆயினும், அச்சொல்லுக்காக உண்ணாமலும் உறங்காமலும் காத்திருந்த தாய்க்கு அதனினும் பெரிய செல்வம் வேறு யாது? 2001 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் குசராத்து மாநிலத்துப் பூஜ் நகரை நிலநடுக்கம் அழித்தபோதும் வானொலியர் அங்குச் சென்று இத்தகைய பணியே ஆற்றினர். அவர்கள் அந்நாளில் புதிதாக ஒன்றையும் கற்கவில்லை. ஓய்வு நாள்களில் விருப்பத்தோடு கற்றதையே அன்று கடமையாகச் செய்தனர்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. இடர் வந்த பின்னர்க் கம்பியின் நீளத்தைக் கணக்கிட அமர்வது, வீடு தீப்பற்றிய பின்னர்க் கிணறு வெட்டுவது போன்றதாகும். அளந்து வெட்டி, திருத்தி, பலமுறை கட்டி அவிழ்த்துப் பழகிய கைக்கே இருளிலும் மழையிலும் அது கைகூடும். கோபுரங்கள் உயர்ந்தவை; அவற்றின் பணி பெரிது. அவை சாய்ந்த நாளில், பையினுள் சுருண்டு கிடந்த அக்கம்பி ஒரு மரக்கிளையில் ஏறி நின்று, அற்றுப்போன மக்களை மீண்டும் சொல்லாற் பிணைக்கின்றது. அதனை அங்கே ஏற்றி வைப்பது விலையுயர்ந்த கருவி அன்று. கற்றவர் ஒருவரின் பயிற்சியும், பிறர் துயரைத் தம் துயராக எண்ணும் நெஞ்சமுமேயாம்.